சாக்கில் பாம்பு, ஆட்டோவில் ஆள்

அவைக்குத் தலைமை தாங்கும் பெரியவர் நைனா முகமது அவர்களே! அலைந்து திரிந்து நம் ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு விஷமுறிவு மருந்தை வரவழைத்த சாணார்பட்டிச் சான்றோர்களே! என்ன உளறப் போகிறேனோ என்று முன்வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கும் என் தங்கை வியாகுலம்மாள் உள்ளிட்ட தாய்மார்களே! தலை சுற்றி நிற்கும் இந்தத் தமையனின் தாழ்மையான வணக்கம்!

"அத்தியாவசிய மருந்துகளுக்கான உலகளாவிய உத்தி" என்று தலைப்புத் தந்தார்கள். விழுந்து விழுந்து படித்தேன். படிக்கும் முன் ஒன்றும் தெரியாது. படித்த பின் எது தெரியாது என்பதே தெரியவில்லை! உத்தி வருகிறது, உட்குழு வருகிறது, உயர்மட்ட மாநாடு வருகிறது. ஊசி எந்தப் பக்கத்தில் வருகிறது? இன்னும் தேடுகிறேன்!

ஆகவே, எனக்குப் புரிந்த பாம்புக்கு வருகிறேன். சிரிக்காதீர்கள், கடிபட்டவர் இதோ இருக்கிறார்! தங்கை கணவர் சிலுவைமுத்து.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை. மாந்தோப்பில் மாப்பிள்ளை காலில் பாம்பு கடித்துவிட்டது. ஆளைத் தூக்கினோமா? இல்லை! ஆட்டோவை அழைத்தோமா? இல்லை! "என்ன பாம்புன்னு டாக்டர் கேப்பாருல்ல?" என்று கம்பெடுத்துக் கிளம்பினோம். கட்டுவிரியன் என்றார் ஒருவர். கண்ணாடி விரியன் என்றார் இன்னொருவர். "வெறும் சாரைப்பா" என்றேன் நான், மரத்தின் மேலிருந்து!

"பாம்புக்கா வைத்தியம் பாக்கப் போறீக? எம் புருசனைத் தூக்குங்கண்ணே, கண்ணு சொருகுது!" என்று அலறினாள் தங்கை.

"செத்த நேரம் பொறு தாயி, புடிச்சுட்டோம்!"

பிடித்தோம். சாக்கில் கட்டினோம். ஆட்டோ பிடித்துத் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். பல்லக்குத் தூக்குவதுபோல் சாக்கைச் சுமந்து உள்ளே நுழைந்தோம். "யாருக்கு என்னண்ணே?" என்றார் நர்ஸ் ஷாஹினா. "இந்தா, நீங்களே பாருங்க" என்று அவிழ்த்தோம். அடடா! நடக்க முடியாத நோயாளியும் ஓடினார்! நர்ஸ் மேசைமேல் ஏறினார். அங்கே அவருக்கு முன்பே நான்! எங்களைப் பார்த்து மிரண்ட பாம்பு வாசல் வழியே வெளியேறிவிட்டது.

"பாம்பை யாருண்ணே கேட்டா? என்ன விஷம்னு உடம்பே சொல்லும். இங்கன கடிக்கிற நாலு முக்கியமான விஷப்பாம்புக்கும் ஒரே மருந்துதான். கடிபட்டவரு எங்க?" என்றார் நர்ஸ், மேசைமேலிருந்தே.

எங்கே? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கே மாப்பிள்ளை?

ஆட்டோவில்! தங்கை மடியில், கண் மூடி, மூச்சுத் திணறி!

என்ன தாயி, நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன், போதுமா? அழாதே, அதுதான் டாக்டர் ஓடி வந்து காப்பாற்றிவிட்டாரே!

உலகத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் விஷமுறிவு மருந்தும் இருக்கிறது. மகிழ்ச்சி! ஆனால் பட்டியல் நரம்பில் ஏறுமா? தீர்மானம் மூச்சைத் திருப்புமா? மாநாடு கூட்டும் மகான்களே, சாக்கை அவிழ்க்கும் முன் சற்றே திரும்பிப் பாருங்கள்: ஆட்டோவில் யார்?

சாணார்பட்டி மக்களே! இனி மருந்து பக்கத்தில் இருக்கிறது. பாம்பைத் தேடாதே! கம்பைத் தேடாதே! கருத்துக் கேட்காதே, குறிப்பாக என்னைக் கேட்காதே! ஆளைத் தூக்கு!

கொட்டாவியை மறைத்துக் கைதட்டிய அனைவருக்கும் நன்றி. வாசலில் எங்கள் ஆட்டோ வந்துவிட்டதாம். நான் மாலையையும் சால்வையையும் அள்ளிக்கொண்டு வருகிறேன். மாப்பிள்ளை ஏறிவிட்டாரா என்று மட்டும் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். வணக்கம்!