சன்ஷேடில் முளைத்த அரசங்கன்று

தலைமையேற்றிருக்கும் பங்குத்தந்தை கிளமென்ட் அடிகளார் அவர்களே! நம்மை விட்டு மறைந்த சவரியம்மாள் அம்மையாரின் மகளாய்க் குவைத்திலிருந்து ஓடோடி வந்திருக்கும் ஷீபா அவர்களே! கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுக் கூடியிருக்கும் நீடாமங்கலத்துப் பெருமக்களே! தெரு நலச்சங்கத்தின் தலைவன் என்ற முறையில் நடராசனாகிய என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். நானோ ஒன்றை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

சவரியம்மாள் அம்மையார் யார்? கட்டட வேலையில் சித்தாளாக இருபது வருடம் கல் சுமந்தவர். தொண்ணூறுகளில் நம் தெருவுக்கு என்ன நேர்ந்தது? ஒரு வீட்டில் மகன் சிங்கப்பூர் போனான். இன்னொரு வீட்டில் குடும்பமே துபாய் போனது. அங்கிருந்து வந்த பணத்தில் மாடி எழும்பியது; குடியிருக்கத்தான் ஆளில்லை! அப்படிப் பூட்டிக் கிடந்த ஒன்பது வீடுகளின் சாவிகளும் அந்த அம்மையாரின் இடுப்பில்தான் தொங்கின.

ஆடி முடிந்தால் போதும். மாடியில் தண்ணீர் போகும் குழாயைத் துணியால் அடைத்து, குடம் குடமாய் ஊற்றித் தேக்கிவிட்டு, கீழே வந்து அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். எங்கே ஈரம் தெரிகிறதோ அங்கே கரிக்கட்டியால் ஒரு வட்டம். மறுநாளே அதற்குச் சிமென்ட் பூச்சு. கதவில் கரையான் ஒரு விரல் நீளம் ஏறியிருந்தாலும் விடமாட்டார். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வீட்டுச் சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவார். "லீவுல வரும்போது பாத்துக்கலாம்" என்பார்கள். "நீங்க லீவுல வருவீங்க தம்பி, மழை உங்க லீவ கேட்டுக்கிட்டா வரும்?" என்று அதட்டுவார்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுத்த ஆசிரியன் நான். என் வீட்டு வாசல் சன்ஷேடில் ஓர் அரசங்கன்று முளைத்தது. "சார், ரெண்டு இலையா இருக்கையிலேயே வேரோட எடுத்துடுறேன். வெண்ணாத்தங்கரையில வச்சிடலாம்" என்றார். நான் என்ன செய்தேன்? பிள்ளையாரே வந்து முளைத்திருக்கிறார் என்று அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன்! முக்காலி போட்டு ஏறி வைத்தேன் ஐயா! "சாமிய ஒண்ணும் சொல்லல சார். அது உக்கார்ற எடம் இது இல்லேன்னுதான் சொல்றேன்" என்றார். வேதக்கார அம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று கேட்டேன். இதே வாயால் கேட்டேன்.

மூன்று வருடத்தில் வேர் சுவருக்குள் இறங்கிவிட்டது. ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் அவர் என்னிடம் ஒன்றும் பேசாமல் வந்தார். என் மனைவி அகிலாண்டம் தினமும் கோலம் போடும் வாசலில், சன்ஷேடுக்கு நேர் கீழே, ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டார். "அக்கா, ரெண்டு நாளைக்குக் கொல்லைப் பக்கமா போங்க வாங்க. இந்த வாசல்ல நிக்காதீங்க" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடிந்ததும் சன்ஷேடு இடிந்து விழுந்தது. பெஞ்சு தூள்தூளானது! அகிலாண்டம் கோலப்பொடியோடு நாலடி தள்ளித் தெருவில் நின்றிருந்தாள்.

"நான் அப்பவே சொன்னேனே" என்று அந்த அம்மையார் ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவில்லை! இடிபாட்டை அள்ளினார். மறுவாரமே புதுச் சன்ஷேடுக்குக் கலவை கலந்தார். அதன் பிறகு ஆறு வருடம் அவருக்கு எதிரே வந்தும் போயும் இருந்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. தாயே, உங்கள் மகள் முன்னால், இந்தச் சபை முன்னால் இன்று கேட்கிறேன்.

ஷீபா அவர்களே, சாவிகளை உரியவர்களுக்கே அனுப்பிவிடலாமா என்று காலையில் கேட்டீர்கள். வேண்டாம் அம்மா. சங்கம் ஏற்றுக்கொள்கிறது. ஆவணிக்கு இன்னும் பத்தே நாள். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வீட்டு மாடியிலும் ஏறுகிறோம். கைதட்டாதீர்கள் ஐயா, கைதட்டினால் ஒழுகல் நிற்காது! யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள், பார்க்கிறேன்.

ஒரே ஒரு கைதான் தெரிகிறது. அகிலாண்டம், உனக்கு முழங்கால் வலி, கையை இறக்கு. இல்லை, வேண்டாம், இறக்காதே. நீ வா. நான் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன்.

அடுத்த கை யாருடையது?