ஆஷாடம் முடிந்தது, ஆடி முடியவில்லை

“நமக்கு ஆஷாடம் முடிஞ்சு போச்சு. அவங்களுக்கு ஆடி முடியலையாம். இது என்னடி நியாயம்?”

பேரிகையிலிருந்து ஓசூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மா தன் மகளிடம் கேட்டார். மகளின் கழுத்தில் மஞ்சள் மாறாத தாலிக்கயிறு, மடியில் துணிப்பை. கன்னடமும் தமிழும் கலந்து பேசினார்கள். அந்தப் பக்கத்துச் செங்கல் சூளைகளில் வேலை செய்திருப்பதால் எனக்கு இரண்டும் புரியும்.

“புதுப்பொண்ணு நம்ம கன்னட ஆஷாட மாசத்துல மாமியார் வீட்டுல இருக்கக் கூடாதுன்னு உன்னைக் கூட்டியாந்தேன். அமாவாசையோட முடிஞ்சுது. திருப்பிக் கொண்டு வந்து விடறேன்னு சொன்னா, தமிழ்க்காரங்க ஆடி இன்னும் மூணு வாரம் இருக்குங்கறா உன் மாமியாரு. எந்தக் காலண்டர்ல பாத்தாளாம்?”

“அது அவங்க வழக்கம்மா.”

“வழக்கமாம்! உன்னைக் கழட்டி விடப் பாக்கறாங்க. மாப்பிள்ளைக்கு வேற எவளோ இருக்கா. இன்னிக்கு நேர்லயே கேட்டுடறேன்.”

“அவர ஒண்ணும் சொல்லாதம்மா. ஆடியைச் சொல்லி நாளைத் தள்ளச் சொல்லுங்க உங்கம்மாவன்னு அவருகிட்ட சொன்னதே நான்தான்.”

“நீயா? எதுக்குடி?”

“அவரு நைட் ஷிப்டுக்குப் போயிட்டா, அவரோட அண்ணன் இருக்கற வீட்டுல எனக்குத் தூக்கமே வர்றதில்ல. ரூம் கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்ல.”

அந்த அம்மா மகளின் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஓசூர் பேருந்து நிலையத்தில் எல்லாரும் இறங்க எழுந்தோம். அவர்கள் இருவரும் எழவில்லை.

“இதே வண்டி பேரிகைக்கு எத்தனை மணிக்குத் திரும்பும்?” என்று அந்த அம்மா நடத்துனரிடம் கேட்டார்.