ஏழு பேர், ஆறு ஊசி

சேவூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மாதர் சங்கத்தில் பூத்தையல் போடுகிறவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"கொழந்தை மெத்தையத் தச்சது ஏழு பேரு. டப்பாவுல ஆறு ஊசிதானுங்க அக்கா இருக்குது," என்றாள் இளையவள்.

"கீழ கெடக்கும், கண்ணு."

"கூட்டிப் பாத்துட்டனுங்க. பனியன் வேஸ்ட் துணிய மெத்தைக்குள்ள அடச்சு வாயத் தச்சது நாந்தானுங்க. ஊசியத் திருப்பி வெச்ச நெனப்பே இல்லீங்க."

"மெத்தைதான் சேவூர் போயிருச்சே. அதுல கொழந்தையப் போட்டுட்டாங்களா?"

"நேத்தே போட்டுட்டாங்க. அப்பப் புடிச்சு அழுதுட்டே இருக்குதுன்னு பால்காரர் சொன்னாருங்க. வயித்து வலின்னு வசம்பு குடுக்கறாங்களாமுங்க."

மூத்தவள் எழுந்து டிரைவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"சாமி, கொஞ்சம் வெரசாப் போங்க."

வழியில், அவிநாசியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்க இறங்கினார்.