மூணு வீடும் ஒரு சுவரும்

— கதவைத் திறக்காமலே உள்ள போயிட்டீங்க. இது ஆர்ர வீடு?

— மூத்தவள் தனுஷியாட வீடு. மௌஸை இப்படித் தள்ளினாப் போதும், சுவரையும் தாண்டிப் போகலாம். பாருகா, இது கூடம், அது குசினி.

— இதைத்தானே அந்தக் காலம் பேப்பரில கீறி, அலுமாரிக்கு மேல சுருட்டி வச்ச நீங்க?

— அதே படம்தான் அன்னம். மூணு பொம்புளப் புள்ளைக்கும் மூணு தட்டில மூணு வீடு, ஒருத்திக்கும் குறை இல்ல. அப்ப பென்சிலும் அடிமட்டமும். இப்ப லப்டொப்பில ஏத்தினதும் வாவிக்காத்து எந்த ஜன்னலால வரும் எண்டுகூடக் காட்டுது. இளையவள் பிரஷாந்தி போன கிழமை வந்து இதைப் பழக்கித் தந்தது நல்லதாப் போச்சு. தானும் கொழும்பில இருந்தே இதே படத்தைத் திறந்து பார்ப்பாளாம்.

— வடிவாத்தான் இருக்கு. கீழ் வீடு தனுஷியாவுக்கு, நடு வீடு றஜனிக்கு, மேல் வீடு பிரஷாந்திக்கு. சரி, எங்கட பாயை எங்க விரிக்கிற?

— என்னகா?

— நீங்களும் நானும் எங்க படுக்கிற எண்டு கேட்கிறன். லப்டொப்பைக் கேட்டுச் சொல்லுங்க.

— பொறு, பொறு. படிக்கட்டுக்குக் கீழ கொஞ்சம் இடம் இருக்கு.

— அதுக்குள்ள தேங்காய் போடலாம்.

— நம்மட பக்கத்தில எல்லாரும் அப்படித்தானே? பொம்புளப் புள்ளைக்கு வீட்டைக் கொடுத்தா, தாய் தகப்பன் ஒரு பக்கமா ஒதுங்கிற வழக்கம்தானே. நானும் அந்த நினைப்பிலேயே கீறிட்டன்.

— எங்கட அம்மாவும் இந்த வீட்டை எனக்குத் தந்துபோட்டு, அப்பாவோட பின்குசினிக்குள்ளதான் படுத்தவ. மாரியில ஒழுகும், வாளியை வச்சிட்டுத்தான் நித்திரை. எனக்கு அது ஏலாது. வாவியைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க எனக்கும் ஒரு ஜன்னல் வேணும்.

— இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லல்லையே நீ?

— இத்தனை வருஷமா நீங்க என்னை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போகல்லையே. அந்தப் பேப்பரில நான் வெறும் கோடுகளைத்தானே கண்டன்.

— நாளைக்குக் காலம்பற இர்ஷாத் மேசன் இந்த வீட்டை இடிக்க வாறார். அவர்ர கையில புதுப் படத்தைக் கொடுக்கணும். இந்த நேரத்தில எந்தப் புள்ளையிட்டப் போய் உன்ர அறையைத் தா எண்டு கேட்கிற? எனக்கு வாய் வராது.

— எனக்கும் வராது. அதுதான் உங்களோட மல்லுக்கட்டுறன்.

— அன்னம், இஞ்ச பாரு. மேல் வீட்டில ஒரு சுவரைக் காணல்ல.

— கை பட்டிருக்கும்.

— கையே வைக்கல்லகா. பொறு, திரும்பக் கட்டுறன். ஆ, வந்திட்டு.

— போயிட்டு.

— என்ன விசர் வேலை இது? இன்னொருக்காக் கட்டுறன்.

— திரும்பவும் போயிட்டு. இப்ப ஜன்னலும் பெருத்திருக்கு, வாவிப் பக்கம். ஐயோ, ரெண்டு கதிரையும் வந்து நிக்குது. இருங்க, விபூதி எடுத்துக்கொண்டு வாறன்.

— லப்டொப்புக்கு விபூதியா? பேசாம இரு. மூணாந்தரம் கட்டுறன், நிக்குதா பார்ப்பம்.

— போன் அடிக்குது. பிரஷாந்தி. ஸ்பீக்கரில போடுங்க.

— ஓம் மகள், கெதியாச் சொல்லு. இஞ்ச உன்ர வீடு இடிஞ்சுகொண்டிருக்கு.

— அப்பா, உங்களுக்கும் அம்மாவுக்கும் அறை எடுக்க நான் சுவரை இடிக்க இடிக்க, நீங்க ஏன் கட்டிக்கொண்டே இருக்கிறீங்க?