வெறுங்குடம்

வலிக்கலைங்க சார், நெசமாத்தான் சொல்றேன். முள்ளு ஏறுனதே நீங்க ரத்தத்தப் பாத்து சொன்னப்பறந்தான் தெரியுது. சக்கரை வந்ததுலருந்து பாதத்துல எதுவும் ஒறைக்கறதில்லைங்க. இருங்க, புடுங்கிக்கறேன். ஒங்க டவுன் பஸ்ஸு வர இன்னும் நேரமிருக்கு.

தெனம் நடக்கறதுதாங்க. அதியமான்கோட்டை வரைக்கும் வந்து திரும்பிடுவேன். ஆறு மாசமாச்சு. டாக்டரு ஒரு மணி நேரம் நடய்யான்னாரு. பொழுதுக்கும் ஏரு பின்னால நடக்கறவன நடக்கச் சொல்றீங்களேன்னு கேட்டேன். அது வேல, இது வைத்தியம்னாரு. சரின்னுட்டேன். ஆம்பளைங்கறதால ஒருத்தரும் எதும் கேக்கல. அர்ச்சுனன் காலாற நடக்கறான்னு போயிடுவாங்க.

பொம்பளைன்னா அப்படி விடுவாங்களா? எங்கூட்டுக்காரி காசியம்மாளுக்கு நெஞ்சுல கோளாறுன்னு, போன வருசம், எம்பத்தஞ்சு ஆடியில, இதே டாக்டருதான் நடக்கச் சொன்னாரு. மொத நாளே நாலு பேரு எங்க போற எங்க போறன்னு புடிச்சிக்கிட்டாங்க. மறுநாள் இடுப்புல ஒரு பித்தளக் கொடத்த வெச்சிக்கிட்டா. ஒருத்தரும் கேக்கலைங்க. ஏரிக்கர பைப்பு வரைக்கும் போயிட்டு வெறுங்கொடத்தோட வந்துருவா. கேட்டா பைப்பு ரிப்பேருன்னுடுவா. கெட்டிக்காரி. வூட்டுத் தண்ணிய நானே கெணத்துல எறைச்சு ரொப்பிடுவேன், அவளுக்கு அந்தத் தேவ இல்லைங்க. ஒரே மாசத்துல மொகம் தெளிஞ்சிருச்சு. அடுப்பு ஊதுனாக்கூட மூச்சு வாங்கல.

அப்பறந்தான் எதுத்த வூட்டு நஞ்சப்பன் பையனுக்குப் பொண்ணு பாக்கக் கெளம்பறான், இவ வெறுங்கொடத்தோட எதுக்க வர்றா. ஆமாங்க, சகுனம்தான். அந்த எடம் அமையல. டீக்கடையில பத்து பேரு முன்னால எம்மேல பாஞ்சான். எனக்கு மானம் போயிருச்சு. நேரா வூட்டுக்கு வந்து, நாளையிலருந்து கொடத்த ரொப்பிக்கிட்டு வர்றதுன்னா போ, இல்லாட்டி வூட்டுலயே கெடன்னுட்டேன்.

மறுநாளும் கொடத்தோட போனா. ரொப்பிக்கிட்டுதான் வந்தா. ஒம்பதாம் நாளு ஏரிக்கர மேல கொடத்த எறக்கி வெச்சிட்டுப் பக்கத்துலயே படுத்துட்டா. நான் ஓடிப் பாக்கறப்ப உசுரு இல்ல. கொடத்துல தண்ணி அப்படியே இருந்துச்சு.

நான் அழலைங்க. இன்னிக்கு வரைக்கும் அழுக வரல. ஊரே விதின்னுச்சு, நானும் தலையாட்டிட்டேன்.

அந்தா, பஸ்ஸு வருதுங்க. கையக் காட்டுங்க, இல்லாட்டி நிறுத்த மாட்டான்.

அந்த டாக்டரு நடக்க மட்டும் சொல்லலைங்க சார். ஒரு கொடம் தண்ணிகூடத் தூக்கக்கூடாதுன்னும் சொன்னாரு. அவ அப்ப வெளிய பெஞ்சில ஒக்காந்திருந்தா, எங்கிட்டதான் சொன்னாரு. பயந்துக்குவாளேன்னு அவகிட்ட நான் சொல்லல. மறந்துட்டீங்களான்னு கேக்கறீங்களா? இல்லைங்க. அன்னிக்கு அவள வையறப்பவும் ஞாபகம் இருந்துச்சுங்க.