அரை மீட்டரில் பாறை

தோட்டத்தில் நாலைந்து மர அடிக்கட்டைகள்தான் என்றால் அரைக்கும் இயந்திரமே போதும். தள்ளுவண்டி அளவுதான் இருக்கும். பல் வைத்த சக்கரம் ஒன்று சுற்றிச் சுற்றிக் கட்டையைத் தூளாக்கிவிடும். வேர் மண்ணுக்குள்ளேயே கிடந்து தன் பாட்டுக்கு மக்கும். யார் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன். பக்கத்து வீட்டு சிண்ட்ரேயிடமும் அதைத்தான் சொன்னேன். முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள்: இந்த ஓட்னி சொன்னது சின்ன இயந்திரத்தை.

காப்பி கொடுத்ததற்கு நன்றி. காவல் நிலையத்துக் காப்பி எப்படி இருக்கும் என்று உங்கள் அம்மா ஒருமுறை சொன்னாள், நான் நம்பவில்லை. தையல் வட்டத்தில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்காருவாள். நீங்கள் சின்ன வயதில் யாரோடு ஓடிப்போகப் பார்த்தீர்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். அது இப்போது வேண்டாம்.

எங்கள் சரிவில் மூன்றே வீடுகள். மேலே என் வீடு. பக்கத்தில் சிண்ட்ரே வீடு. கீழே, ஓடை ஃபியோர்டின் கடல்நீருக்குள் இறங்கும் இடத்தில், ஆஸ்தா வீடு. அவளும் நானும் நாற்பது வருடப் பழக்கம். இந்தச் சரிவில் யார் திரைச்சீலை மாற்றினார்கள், யார் வாசலில் யாருடைய கார் விடியும்வரை நின்றது, எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் ஆஸ்தாவுக்குத் தெரியும். ஆஸ்தாவுக்குத் தெரிந்தால் பிறகு தேவாலயத்து அறிவிப்புப் பலகை எதற்கு? நான் கண் மூக்கு வைத்துப் பேசுகிறவள் இல்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்வேன். ஒன்றே ஒன்றைத்தான் பன்னிரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.

என் கணவர் ஹால்வருக்கு, அப்போது எங்களுடையதாக இருந்த பக்கத்து மனையில், ஒரு கார்க்கொட்டகை போட ஆசை. மண்ணைத் துளைத்துப் பார்க்க ஒருவனைக் கூட்டிவந்தார். அவன் சேற்று பூட்ஸோடு என் சமையலறைக்குள் வந்து, நீளமான குழாயிலிருந்து சாம்பல் நிறக் களிமண்ணை ஒரு துண்டு நறுக்கி, என் காப்பிக் கோப்பையில் வைத்தான். அழுத்திப் பாருங்கள் என்றான். அழுத்தினேன். விரல் பதியவில்லை. பிறகு என் கரண்டியாலேயே அதைக் கலக்கினான். ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. பத்துப் பன்னிரண்டு சுற்றுதான். கோப்பையைச் சாய்த்தான். பால் மாதிரி ஊற்றியது.

"ஒரு காலத்துல கடலடியில படிஞ்ச மண்ணு இது," என்றான். "உப்புதான் கட்டிப் பிடிச்சிருந்துச்சு. மழை உப்பைக் கழுவிட்டுப் போயிருச்சு. சும்மா விட்டா ஆயிரம் வருஷம் நிக்கும். கிளறினா நிக்காது."

பிறகு ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கிக் காட்டினான். பால் திரும்பவும் கட்டியானது. திருவிழாவில் வித்தை காட்டுகிறவன் மாதிரி அவனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு வாரத்தில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. சரிவில் தோண்டக் கூடாது. விளிம்பில் பாரம் ஏற்றக் கூடாது. நகராட்சிக்கும் கீழ் வீட்டுக்காரருக்கும் தெரிவிக்க வேண்டும். ஹால்வர் மூன்று முறை படித்துவிட்டு மேசைவிரிப்புகளுக்கு அடியில் வைத்தார். "ஆஸ்தாகிட்ட சொன்னா நாளைக்கே ஊர் பூரா நம்ம மண்ணைப் பத்தித்தான் பேசும்," என்றார். அதோடு சரி. அவர் போன பிறகு, ஆறு வருடத்துக்கு முன், அந்த மனையை, அதிலிருந்த பழைய வீட்டோடு, சிண்ட்ரேக்கு விற்றேன். படிவத்தில் நிலத்தைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று ஒரு கேள்வி. 'தெரியாது' என்ற கட்டத்தில் பேனா தானாகப் போய்விட்டது. ஒரு வாரம் சொல்லாமல் இருந்தால் மறந்துவிட்டேன் எனலாம். ஆறு வருடம் சொல்லாமல் இருந்தால் அதற்கு ஊர் வேறு பெயர் வைக்கும்.

நான் நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் கோப்பையை அன்றைக்கே உடைத்துப் போட்டேன். அதற்கப்புறம் என் சொந்தத் தோட்டத்திலேயே முதல் பனிக்கட்டியில் நடப்பது போலக் குதிகாலை மெதுவாக வைத்துத்தான் நடந்திருக்கிறேன். சாலையில் பெரிய லாரி போனால் அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுக்கும். அவை நிற்கும்வரை மூச்சு விடமாட்டேன். மரங்கள் இருக்கின்றன, அவற்றின் வேர்கள் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். போன குளிர்காலப் புயலில் அந்த மரங்களும் முறிந்தன. இருபத்தாறு ஊசியிலை மரக் கட்டைகள் மிஞ்சின.

சிண்ட்ரே பள்ளி ஆசிரியன், தனி ஆள். ஸ்டவாங்கர் பக்கத்துக்காரன், பாறை மேல் பிறந்து பாறை மேல் வளர்ந்தவன். களிமண்ணைப் பானையில்தான் பார்த்திருப்பான். கட்டைகளை எடுத்துவிட்டுக் கோழி வளர்க்க வேண்டும், பழப்புதர் வைக்க வேண்டும் என்று திட்டம். அந்தச் சனிக்கிழமை வாஃபிள் சாப்பிட என் சமையலறைக்கு வந்தான். ஆஸ்தா ஏற்கெனவே வந்து இரண்டாவது கோப்பையில் இருந்தாள். அவன் கைபேசியில் வாடகைக் கடையின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான்.

"அரைக்கிற மெஷினை எடு," என்றேன்.

"இருபத்தாறு கட்டை ஓட்னி. அதுல அரைச்சா நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அரைக்கணும். வேர் வேற உள்ளேயே கிடக்கும்."

"கிடந்தா என்ன? கோழி வேரைப் பாத்துப் பயப்படுமா?"

அவன் சிரித்தான். அடுத்த படத்துக்குப் போனான். இரண்டரை டன் குட்டி பொக்லைன். புல்தரை நாசமாகும் என்றேன். புல்தரையே இல்லையே என்றான். மண் உறையட்டும், பனிக்காலத்தில் பார்க்கலாம் என்றேன். உறைந்த மண்ணில் கட்டையை எப்படிப் பிடுங்குவது என்றான். கேள்வி நியாயமானதுதான். அப்படியே பதினாலு டன்னில் வந்து நின்றான். கட்டையைப் பிளந்து வேரோடு இழுக்கக் கொக்கி வைத்தது. "ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சிரும்," என்றான். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கரண்டி சுற்றும் சத்தம் கேட்டது.

"அது வேண்டாம். சின்னதே போதும்."

"ஏண்டி ஓட்னி," என்றாள் ஆஸ்தா, "அந்தச் சின்ன மெஷினைப் பெத்தவளா நீ? இவ்வளவு பரிஞ்சு பேசறே."

"எனக்குச் சத்தம் ஆகாது."

"உனக்கா? ஊர்ல எங்க சத்தம் கேட்டாலும் மொத ஆளா ஜன்னல்ல நிக்கிறவ. வாத்தியாரே, இவ எதையோ மறைக்கிறா. மூக்கு நுனியைப் பாரு, வெளுத்துப் போச்சு. சொல்லுடி, என்ன விஷயம்?"

மறைக்கிற ஆளின் மூக்கைப் பார்த்தால் தெரியும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான். அவளுக்கு ஒரு நூல் கிடைத்தால் போதும், ஹால்வர், கடிதம், படிவம் என்று முழு ஸ்வெட்டரையும் பிரித்துவிடுவாள். அதற்குள் சிண்ட்ரே கடைக்குப் போன் போட்டுவிட்டான். கொஞ்சம் பேசினான். பிறகு போனை என்னிடம் நீட்டினான்.

"மண்ணைப் பத்திக் கேக்கறாரு. நீங்கதானே நாப்பது வருஷமா இங்க இருக்கீங்க. நீங்களே சொல்லுங்க."

போனில் தூக்கக் கலக்கமான ஒரு குரல். "கேட்டே ஆகணும்னு விதிம்மா. ஓடைப் பக்கம்னு சொல்றாரே, களிமண் பூமியா?"

ஆஸ்தா கோப்பையை உதட்டருகே நிறுத்திவிட்டு என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாறைதான்," என்றேன். "அரை மீட்டர் தோண்டினா பாறை."

"நல்லதாப் போச்சு," என்று அந்த மனிதர் எழுதிக்கொண்டார்.

"பாறையா?" என்றாள் ஆஸ்தா. "என் தோட்டத்துல கேரட் முழங்கை நீளத்துக்கு இறங்குதே."

"உன் கேரட்டுக்கும் உன்னை மாதிரியே திமிர்," என்றேன். சிரித்துவிட்டாள். அவள் தட்டில் இன்னொரு வாஃபிளையும் பழுப்புப் பாலாடைக்கட்டியையும் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை இயந்திரம் வந்து இறங்கியது. அன்றைக்கே மளிகைக் கடைக்குப் போய்ப் பதினொரு பை உப்பு வாங்கிவந்து சரிவெல்லாம் தூவினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், என்னால் முடிந்ததைச் செய்தேன். ஆஸ்தா கீழேயிருந்து கூப்பிட்டுக் கேட்டாள். நத்தைத் தொல்லை என்றேன். "நத்தைக்கு இவ்வளவு உப்பா? ஊறுகாயா போடப் போறே?" என்றாள். கடைக்காரப் பெண்ணும் இதையேதான் கேட்டாள். இந்த ஊரில் யாருக்கும் தன் வேலையைப் பார்க்கத் தெரியாது.

பிடுங்கிய கட்டைகளை எங்கே குவிப்பது என்று சிண்ட்ரே என்னைத்தான் கேட்டான். விளிம்பில் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஏன் என்று கேட்பானே. உனக்கு வசதியான இடத்தில் போடு என்றேன். அவனுக்கு விளிம்புதான் வசதியாக இருந்தது. ஒவ்வொரு கட்டை வரும்போதும் என் வீட்டுத் தரை லேசாக ஏப்பம் விடும். ஜன்னலில் நின்று எண்ணினேன். புதன்கிழமை இருட்டும்போது பத்தொன்பது.

வியாழன் காலை நல்ல மழை. சமையலறைக் கதவைச் சாத்த முடியவில்லை. மேல் மூலையில் இடித்தது. வெளியே வந்து பார்த்தேன். தோட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை புல்லில் ஒரு விரிசல். விரல் நுழையும் அகலம். உள்ளே போய்க் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். முஷ்டி நுழைந்தது.

வெள்ளிக் கரண்டிகள், ஹால்வரின் படம், மேசைவிரிப்புக்கு அடியிலிருந்த கடிதம், மூன்றையும் எடுத்துக்கொண்டேன். காரில் ஏறினேன். சிண்ட்ரே இயந்திரத்துக் கூண்டிலிருந்து கையசைத்தான். நாற்பது காலடித் தூரம். நானும் கையசைத்தேன்.

எங்கள் சாலை ஆஸ்தாவின் சமையலறை ஜன்னலை உரசிக்கொண்டுதான் போகும். அவள் கண்ணாடியைத் தட்டினாள். காப்பிக் கெட்டிலைத் தூக்கிக் காட்டினாள். நாற்பது வருடத்தில் அந்த ஜன்னலை நான் நிற்காமல் கடந்ததே இல்லை. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டேன். வளைவு திரும்பும்வரை காரின் பக்கக் கண்ணாடியில் தெரிந்தாள். கெட்டிலைக் கீழே வைக்கவில்லை. எங்கே போகிறாள் இவள் என்று யோசித்திருப்பாள். பாவம், தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாதவள்.

அதற்குப் பிறகு ஏழு நிமிடம் இருந்தது என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஏழு நிமிடத்தில் நான் பாதி ஊருக்குச் செய்தி சொன்னதுண்டு. அக்கா வீட்டை நோக்கிப் பாலம் ஏறும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. யாரோ பெரிய கரண்டியை வழித்துப் போடுகிற மாதிரி.

சிண்ட்ரேயைக் கூண்டோடு தோண்டி எடுத்தார்கள். இரண்டு காலும் போய்விட்டன, உயிர் இருந்தது. ஆஸ்தாவைக் கண்டெடுக்க ஐந்து நாள் ஆனது. அவள் வீடு ஃபியோர்டுக்குள் கிடந்தது. என் வீடு விளிம்பிலிருந்து நாலு மீட்டரில் அப்படியே நிற்கிறது. யாரும் உள்ளே போகாமலிருக்க நாடா கட்டியிருக்கிறார்கள்.

மூன்று வாரமாக மருத்துவமனைக்கு வாஃபிள் கொண்டுபோகிறேன். அவன் தினமும் ஒரே பேச்சுதான். "நான்தான் ஓட்னி. நான்தான் தோண்டினேன். நீங்க சின்ன மெஷினைத்தானே சொன்னீங்க. நான்தான் கேக்கல."

அவன் கையைத் தட்டிக்கொடுப்பேன். "உன்னை நீயே கரிச்சுக் கொட்டாதே. அடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்பேன். கடையிலும் எல்லோரும் அவனைத்தான் பேசுகிறார்கள். வெளியூர்க்காரன், பெரிய இயந்திரத்துக்கு ஆசைப்பட்டான் என்கிறார்கள். நான் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. சின்னதை எடுக்கச் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன், கேட்டவர்களிடம் மட்டும்.

நீங்கள் மேசைமேல் வைத்திருப்பது அந்தக் கடிதத்தின் நகல். மண் துளைத்தவன் ஒன்றைத் தன்னிடம் வைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அசல் என் கைப்பையில் இருக்கிறது, இதோ. ஆம், எனக்குத் தெரியும். தெரிந்துதான் பாறை என்றேன். விரிசலைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். நின்றிருந்தால் ஆஸ்தா உடனே கேட்டிருப்பாள்: உனக்கெப்படித் தெரியும்? அவள் பிழைத்திருப்பாள், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். அந்த வளைவைத் திரும்பியபோது எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டீர்கள். இனி யாரும் என் மூக்கைப் பார்க்க மாட்டார்கள் என்று தோன்றியது. இதில் அவள் மேல் கோபம் எதுவும் கிடையாது. அவளைப் போல ஒரு தோழி எனக்குக் கிடைக்கமாட்டாள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேதானா? சரி. ஒரே ஒரு உதவி செய்யுங்கள். இதை உங்கள் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு வாயில் எதுவும் நிற்காது. அப்புறம் என்னைப் பற்றி ஊரில் என்ன நினைப்பார்கள்?