சில நேரம்னு போடுங்க, மேடம்

அடிக்கடி வேணாம் மேடம், சில நேரம்னு போடுங்க. ஆமா, பேரம்தான் பேசுறேன். பதினெட்டு வருசமா ஆனைக்கரையில ஏலக்கா வாங்கி விக்கிறவ, வாயச் சும்மா வெச்சிருக்க முடியுமா? உங்க கேள்விக் கடலாசுல, இந்தப் பேப்பர்ல, நாலு கட்டம் இருக்கு. எப்பவும், அடிக்கடி, சில நேரம், இல்லவே இல்ல. நீங்க எப்பவும்னு ஆரம்பிச்சா நான் இல்லவே இல்லைன்னு ஆரம்பிப்பேன். நடுவுல எங்கிட்டாச்சும் முடிப்போம். அதான யாவாரம்.

சிரிக்காதீங்க. பிள்ளைக மனசப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்னு வந்தீங்க. ஸ்கூல்ல முப்பது பிள்ளைகளப் பாத்துட்டு எட்டுப் பேர மட்டும் தனியா எடுத்திருக்கீங்க. அதுல என் மக சிஞ்சுவும் ஒண்ணா? ஏலக்காயா அவ, சல்லடையில போட்டுச் சலிச்செடுக்க? எட்டு வயசுப் பிள்ள கொஞ்சம் ஓடத்தான் செய்யும்.

அதெல்லாம் அவளுக்கு ஒக்காரத் தெரியும். போன சனிக்கிழம மூணு மணி நேரம் ஒரே எடத்துல ஒக்காந்திருந்தா. நானே சாட்சி. எழுதிக்கங்க.

இருங்க, போன். யாக்கோபு சேட்டா, பெறகு கூப்புடுறேன், ஈரக் காய என் தலையில கட்டலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, வைங்க! ம், என்ன கேட்டீங்க? கேள்வி முடியிறதுக்குள்ள பதில் சொ... இல்லவே இல்ல! ஓ, நீங்க இன்னும் முடிக்கலையா. முடிங்க.

ஐயோ, பாலு!

போச்சு. பொங்கி அடுப்பையே அணைச்சிருச்சு. கட்டன் சாயா குடிப்பீங்கள்ல?

பொருளத் தொலைக்கிறாளாவா? பென்சில், குடை, ஒத்தச் செருப்பு. ஒத்தச் செருப்ப எப்புடித்தான் தொலைச்சாளோ. நான் மட்டும் என்ன? போன மாசம் ஸ்கூட்டரக் கட்டப்பனையில நிப்பாட்டிட்டு பஸ்ல வந்து எறங்கிட்டேன். வந்து, வண்டியக் காணோம்னு ஸ்டேசன்ல புகார் வேற குடுத்தேன். எஸ்ஐ இன்னமும் என்னயப் பாத்தா சாவிய ஆட்டிக் காட்டுறாரு.

கையெழுத்து, ஒப்பு மட்டும் கேக்காதீங்க. நான் ஒப்பு போட்டா நீங்க டெஸ்ட் எடுப்பீங்க, ஏதாச்சும் பேரு சொல்லுவீங்க, கிளாசு பூராம் அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடும். எனக்கு வெச்சாங்களே, குரங்குமேரின்னு. இந்த இன்பமேரி இருந்தா பாடமே நடக்காதுன்னு டீச்சரு எங்கப்பாவக் கையெடுத்துக் கும்புட்டாங்க. நாலாங்கிளாசோட சரி. மறுநாளே காய் எடுக்கப் போயிட்டேன்.

நான் எத்தன தடவ எந்திரிச்சேன்னா? ஆறா? எண்ணிக்கிட்டா இருந்தீங்க! எந்தக் கட்டத்துல போட்டீங்க?

திரும்பத் திரும்ப அந்தச் சனிக்கிழமையவே ஏன் கேக்குறீங்க? ஒக்காந்தா, அம்புட்டுத்தான்.

காய் பிரிக்கிற ரூமுல.

வீட்டுக்காரரு சூரியநெல்லி டீ பாக்டரியில, ஞாயித்துக்கிழமதான் வருவாரு. நான் ஒத்த ஆளு. ரெண்டு பக்கம் எழுதுடின்னேன். பத்து நிமிசத்துல பதினோரு தடவ எந்திரிச்சா. எனக்குத்தான் மூக்குக்கு மேல கோவம் வருமே. இங்கன ஒக்காரு, நான் வந்து சொல்ற வரைக்கும் அசையக் கூடாதுன்னு சொல்லி, வெளிய பூட்டிச் சாவிய இடுப்புல சொருகினேன். அஞ்சு நிமிசத்துக்குத்தான் மேடம்.

அந்நேரம் யாக்கோபு சேட்டன் ஜீப்புல மூணு மூட்டையோட வந்துட்டாரு. பேரம்னு ஒக்காந்துட்டா எனக்கு ஒலகமே மறந்துரும். அத ஊரெல்லாம் பெருமையாச் சொல்லித் திரிஞ்சவ நான். அதே ஜீப்புல ஏறிக் கொமுளிக்குப் போனேன், எடை போட்டேன், சாயா குடிச்சேன், காசு எடுக்க இடுப்புல கைய விட்டேன்.

சாவி.

வந்து தெறந்தா, அழுகல. நோட்ட நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு அதே எடத்துல இருக்கா. பாவாடையெல்லாம் நனைஞ்சு போயிருந்துச்சு. இப்ப எந்திரிக்கலாமாம்மான்னு கேட்டா.

மறதி பத்தி ஒரு கேள்வி இருந்துச்சுல்ல, அதுக்கு எப்பவும்னு போடுங்க. அவளுக்கு இல்ல, எனக்கு. பெரியாளுகளுக்குக் கடலாசு இல்லையா? இதுலயே ஓரமா எழுதிக்கங்க. அவளுக்கு நீங்க பாத்தது என்னவோ அதையே போடுங்க, நான் கொறைக்கச் சொல்லல.

ஒப்பு எங்கிட்டுப் போடணும்? பேனாவக் குடுங்க, சீக்கிரம். நான் மறுபடி எந்திரிக்கிறதுக்குள்ள.